ஐந்து அங்குலம்

பிள்ளைப்பாக்கத்து எல்லப்பனைப் பற்றிக் கேட்டால், "கப்பல்காரர், கறார் பேர்வழி" என்பார்கள். பாதிதான் உண்மை. கப்பலில் பிட்டராக இருந்தார், அது சரி. கறார் எல்லாம் வாயோடு சரி. பத்து மாதம் கடலில், ஒன்றரை மாதம் வீட்டில் என்று பதினெட்டு வருஷம் ஓட்டியவர். அந்த ஒன்றரை மாதத்துக்குள் பத்து மாதத்துக்கும் சேர்த்து அப்பாவாக இருந்துவிடப் பார்ப்பார். நடக்கிற காரியமா அது? நான் யாக்கோபு, ஸ்ரீபெரும்புதூர் கடைத்தெருவில் தையல்காரன். அவரைப் பற்றிப் பேச எனக்கு யோக்கியதை இல்லை என்று என் மனைவியே சொல்கிறாள். இருந்தாலும் நான்தான் சொல்லியாக வேண்டும்.

அவருக்கு ஒரே மகள், கனகம். 1983இல், பதினாலு வயதில், பள்ளிக்கூடத்து மூங்கில் வில்லால் அம்பு விட்டு மாவட்டத்தில் முதலாவதாக வந்தாள். விஷயம் கடிதத்தில் போனதும் மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. அமெரிக்காவில் ஒரு துறைமுகத்தில் இறங்கி, காம்பவுண்டு வில் விற்கிற கடையைத் தேடிப் பிடித்துவிட்டார். இரண்டு முனையிலும் சின்னச் சக்கரம் வைத்த வில் அது. இழுக்கும்போது கனமாக இருக்கும். முழுதாக இழுத்ததும் கனம் சட்டென்று பாதியாகிவிடும், நிதானமாகக் குறி பார்க்கலாம். ஆனால் சட்டை மாதிரி ஆளுக்கு அளவெடுத்துத்தான் பொருத்த வேண்டுமாம். பிள்ளையின் கைகளை விரிக்கச் சொல்லி, இந்த விரல்நுனியிலிருந்து அந்த விரல்நுனி வரை எத்தனை அங்குலம் என்று எழுதச் சொல்லி வீட்டுக்குக் கடிதம் போட்டார். 'யாக்கோபுகிட்ட எடுங்க, அவன் அளவு தப்பாது' என்று கடைசியில் ஒரு வரி.

அவர் மனைவி செங்கமலம் மகளைக் கூட்டிக்கொண்டு என் கடைக்கு வந்தார். டேப் அறுபது காட்டியது.

"வளர்ற பொண்ணுண்ணே. நாலஞ்சு வருஷம் வச்சுகினு இருக்கணும். கொஞ்சம் தாராளமாவே போடுங்க" என்றார்.

எனக்கு அதைச் சொல்லவே வேண்டாம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு எதையும் நான் அளவாகத் தைத்ததில்லை. அறுபத்தைந்து என்று எழுதிக் கொடுத்தேன். வில்லுக்கும் பாவாடைக்கும் வித்தியாசம் உண்டே என்று யோசிக்கிற புத்தி எனக்கு அன்றைக்கு இல்லை.

பொங்கலுக்கு எல்லப்பன் வில்லோடு வந்தார். அறுத்த வயலில் வைக்கோல் கட்டை நிறுத்தி மகளை இழுக்கச் சொன்னார். நானும் வேடிக்கை பார்க்கப் போயிருந்தேன். கைவிரிப்பை இரண்டரையால் வகுத்துத்தான் நாணை இழுக்கிற தூரத்தை வைப்பார்களாம், அதனால் நான் கூட்டிய ஐந்து அங்குலம் வில்லில் இரண்டு அங்குலமாக வந்திருந்தது. அந்த இரண்டுதான் அவளுக்கு எட்டவில்லை. கனம் குறைகிற இடத்துக்கு முன்னாலேயே அவள் கை முடிந்துபோயிற்று. தோள் நடுங்க அம்பை விட்டாள். நாண் இடது கையைச் சுளீரென்று அடித்தது. அம்பு எங்கேயோ போயிற்று.

"இன்னும் இழு. கடைசியில லேசாயிடும்னு சொல்றேன் இல்ல."

"ஆவலப்பா."

"இன்னா ஆவல? நீ முழுசா இழுக்கல."

ஒரு வாரம் பொறுமையாகச் சொன்னார். பிறகு கத்த ஆரம்பித்தார். மூங்கில் வில்லில் ஜெயித்ததே குருட்டு அதிர்ஷ்டம் என்றார். ஸ்பேனர் பிடித்தே காலம் தள்ளியவர். வில்லில் குறை என்று தோன்றியிருந்தால் தானே சரிசெய்திருப்பார். நான் எடுத்த அளவாயிற்றே, அதில் அவருக்குச் சந்தேகம் வரவில்லை. மகளைத்தான் சந்தேகப்பட்டார். பிப்ரவரியில் புறப்பட்ட அன்று, "ஒரு சோம்பேறிக்கா இதை இவ்ளோ தூரம் தூக்கினு வந்தேன்" என்று சொல்லிவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமலே மெட்ராஸ் பஸ் ஏறினார்.

ஜூனில் சீருடை தைக்க வந்த கனகத்தின் இடது கை கன்றிப்போயிருந்தது.

"தெனமும் இழுக்கறேன் மாமா. அப்பா வர்றதுக்குள்ள லேசாகணும்" என்றாள்.

எனக்கு என்னவோ போல் இருந்தது. கையை விரிக்கச் சொல்லி அளந்தேன். அறுபதரை. பழைய நோட்டைப் புரட்டினேன். அறுபத்தைந்து. யார் செய்த தப்பு என்று எனக்கு அப்போதே விளங்கிவிட்டது.

அங்கேயே வாயைத் திறந்திருக்க வேண்டும். 'அளவு தப்பாது' என்று எழுதிய மனிதருக்கு, தப்பிவிட்டது என்று எந்த முகத்தோடு எழுதுவது? "எண்ணெய் தடவும்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அடுத்த வாரம் எழுதலாம், அதற்கடுத்த வாரம் எழுதலாம் என்று ஜூலை போயிற்று, ஆகஸ்டும் போயிற்று. கோழைத்தனம், வேறென்ன.

செப்டம்பரில் தந்தி வந்தது. எஞ்சின் அறையில் மாரடைப்பு. எல்லப்பன் பெட்டியில்தான் வீடு திரும்பினார்.

காரியம் முடிந்த பிறகு, தொழிற்சாலையில் பிட்டராக இருக்கும் என் மச்சானைக் கூட்டிக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். சக்கரத்தில் கம்பி மாட்ட மூன்று இடம் இருந்தது. ஒன்றிலிருந்து கழற்றி, இழுக்கிற தூரம் குறைகிற இன்னொன்றில் மாட்டினான். அரைமணி நேர வேலை. எல்லோரும் அதே வயலுக்குப் போனோம். கனகம் வில்லை வாங்கி இழுத்தாள். பாதி வழியில் பல்லைக் கடித்தவள், சட்டென்று அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"லேசாயிடுச்சும்மா" என்றாள்.

அப்படியே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு அம்பை விட்டாள். அது வைக்கோல் கட்டின் நடுவில் இறங்கியது.

அப்போதுதான் நான் அந்த அறுபத்தைந்தைச் சொன்னேன். செங்கமலம், "நாந்தானே தாராளமா போடச் சொன்னேன்" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதார். கனகம் அழவில்லை.

"உங்களுக்கு எப்போ தெரியும் மாமா?"

வாய்வரை பொய் வந்தது. விழுங்கிவிட்டேன். "ஜூன்ல. நீ யூனிபார்முக்கு வந்தப்போ."

அவள் வில்லைக் கீழே வைத்தாள்.

"ஒரு கடுதாசி போட்டிருந்தா போய்ச் சேர்ந்திருக்கும் இல்ல? என்னை சோம்பேறின்னு நெனச்சுகினே எங்கப்பா பூட்டாரு."

அவள் அம்மாவைக் கைத்தாங்கலாக எழுப்பி வீட்டுக்குக் கூட்டிப் போனாள். வில் வயலிலேயே கிடந்தது.