குதிகாலில் ஒரு கோணல்

எங்கள் பெரியம்மா பூட்ஸ் தொழிற்சாலையில் தையல் மெஷின் ஓட்டியவள். இடதுகைக்காரி என்பதால் குதிகாலில் அவள் போடும் கடைசித் தையல் கொஞ்சம் கோணிக்கொள்ளும். சூப்பர்வைசர் அந்த ஜோடிகளையெல்லாம் கழித்து, வாசல் கடையில் மலிவாகத் தள்ளிவிடுவார்.

“கண்ணு உனக்குப் பொடனியிலயா இருக்கு?” என்று தினமும் ஏச்சு. பெரியம்மா ரோஷக்காரி. வலதுகையால் தைத்துப் பழகி, ஒரே வருடத்தில் நூல் பிடித்த மாதிரி நேராகத் தைத்துக் காட்டினாள்.

கழித்துப் போட்ட பூட்ஸை வாங்கியதெல்லாம் தெருமுனையில் கிட்டார் அடிக்கும் பொடிசுகள். அவர்களைப் பார்த்து ஊரிலுள்ள இளவட்டமெல்லாம் அதையே தேடத் தொடங்கியது பெரியம்மாவுக்குத் தெரியாது. ஏழு வருடம் கழித்து, பாதித் தலையை மழித்துக்கொண்டு வந்து நின்ற அவள் மகள்தான் குதிகாலைத் தூக்கிக் காட்டினாள்.

“இந்தக் கோணல் இருந்தாதாம்மா ஒரிஜினல். நேரா இருந்தா டூப்பு.”

மழித்த தலையைத் திட்ட வாயெடுத்த பெரியம்மா, குனிந்து தன் பழைய தையலை விரலால் தடவிப் பார்த்தாள்.

மறுநாள் அவள் தைத்த இருபது ஜோடியையும் சூப்பர்வைசர் திருப்பிக் கொண்டுவந்து வைத்தார்.

“என்னக்கா, எல்லாம் நேரா இருக்கு? பழையபடி கோணலாத் தைங்க, இப்போ அதுக்குத்தான் கிராக்கி.”

பெரியம்மா இடதுகைக்கு மாற்றித் தைத்துப் பார்த்தாள். பாழாய்ப்போன தையல் அதிலும் நேராகவே விழுந்தது.