பெஞ்சு இல்லை என்று எழுதினேன்

அந்த ஸ்டேஷனின் பெயரை இங்கே நான் சொல்லப் போவதில்லை. அதில் ரகசியம் ஒன்றும் கிடையாது. அதன் பெயர்ப்பலகையே பல வருஷமாகச் சொல்லாமல்தான் நின்றது. உப்பளத்தின் மேல் ஏறி வரும் காற்று முதலில் இங்கிலீஷ் எழுத்தைத் தின்றது, பிறகு தமிழைத் தின்றது, நான் அந்த ஊருக்குக் குடிபோனபோது ஆணிகளைத் தின்றுகொண்டிருந்தது. தூத்துக்குடியிலிருந்து மேற்கே போகிற பாசஞ்சர், உப்பளம் முடிந்து உடைமரக்காடு ஆரம்பிக்கிற இடத்தில் ஒரு நிமிஷம் நிற்கும். இறங்குகிறவர்கள் எல்லாருக்கும் இடம் தெரியும் என்பதால் பலகை பேசாததை யாரும் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை.

யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை. துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீசில் நான் கிளார்க். டவுனில் எனக்குப் பிடித்த வீடு கிடைக்கவில்லை. கிடைத்த வீட்டுக்காரர்களுக்கு என்னைப் பிடிக்கவில்லை. அதனால் இந்த ஊரில் குடியிருந்து, காலை வண்டியில் போய்ச் சாயங்கால வண்டியில் திரும்பிக்கொண்டிருந்தேன்.

ஸ்டேஷன் என்பது ஓடு வேய்ந்த ஒரு கொட்டகை. அதன் பின்னால் ஒற்றை அறை வீடு. அந்த வீட்டில் ஒரு போர்ட்டரும் அவர் மனைவியும். மாஸ்டர் கிடையாது. டிக்கெட் கொடுப்பது, கொடி காட்டுவது, விளக்கேற்றுவது, விளக்கு எங்கே என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்வது எல்லாம் போர்ட்டர்தான். ஐம்பதை நெருங்கியவர், ஒல்லி, யாருக்கும் இல்லை என்று சொல்லத் தெரியாதவர். அந்தக் கடைசிக் குணத்தால்தான் ஸ்டேஷன் காலியாயிற்று.

ஊர்க்காரர்கள் ஸ்டேஷனைத் திருடினார்கள் என்று சொன்னால் அபாண்டம். இரவல் வாங்கினார்கள். தேக்குப் பெஞ்சை எதிரே இருந்த பலசரக்குக் கடை அண்ணாச்சி ஒரு கல்யாணத்துக்கு வாங்கினார். கல்யாணம் முடிந்து, அந்தத் தம்பதிக்கு இரண்டு பிள்ளை பிறந்த பிறகும் பெஞ்சு கடை வாசலிலேயே இருந்தது. விளக்கு, அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்குப் போனது; அம்மன் அதைத் திருப்பி அனுப்பவில்லை. தண்ணீர் டிரம்மைக் கருவாட்டுக்காரி எடுத்துப் போய் உப்புப் போட்டு வைத்திருந்தாள். காரணம் கேட்டால் போர்ட்டர், "யுத்தம்லா ஐயா" என்பார். யுத்தத்துக்கும் டிரம்முக்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்டதில்லை. அந்தக் காலத்தில் எங்கள் ஆபீசிலும் அதே பதிலைத்தான் சொல்லிக்கொண்டிருந்தோம்.

ஸ்டேஷனில் புத்தம் புதிதாக இருந்த ஒரே பொருள் புகார்ப் புத்தகம். இரவல் வாங்கி எதற்கும் உபயோகமில்லை என்பதால் தப்பித்திருந்தது. ஒருநாள் வண்டி வெகுநேரம் தாமதம். எனக்குக் குறை என்று பெரிதாக எதுவும் இல்லை. இங்கிலீஷ் இருந்தது, அதைப் போட இடம் இல்லை. நிறையப் படித்தவன் என்று என்னைப் பற்றி எனக்கு ஓர் அபிப்பிராயம் இருந்தது. ஆபீசில் நான் எழுத வேண்டியதெல்லாம், மூட்டைகள் நல்ல நிலையில் வந்து சேர்ந்தன என்கிற ஒரே வாக்கியம். ஆகவே புத்தகத்தைக் கேட்டு வாங்கினேன்.

மூன்று நாள் காலையில் எழுதினேன். பெஞ்சு இல்லை, விளக்கு இல்லை, குடிதண்ணீர் இல்லை, கூரையில் ஓட்டை. வேலியும் இல்லைதான். ஆனால் என் வீட்டுத் துணிக்கொடி கட்டியிருந்த இரண்டு கம்பும் எங்கிருந்து வந்தவை என்று எனக்குத் தெரியுமாகையால், வேலியைப் பற்றி எழுதுவது நடைக்கு அழகு சேர்க்காது என்று விட்டுவிட்டேன். பெஞ்சைப் பற்றிய வாக்கியம்தான் எனக்கு மிகவும் பிடித்தது: கொற்கைத் துறைமுகத்தைப் போலவே இந்த ஸ்டேஷனின் பெஞ்சும் ஒரு காலத்தில் இருந்ததாகப் பெரியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம், அதன் சுவடு மட்டும் காணக் கிடைப்பதில்லை. இந்த வாக்கியத்தை நான் யோசித்தது அண்ணாச்சி கடை வாசலில், அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து.

எழுதிய தாளைப் பிரித்து மேலாபீசுக்கு அனுப்ப வேண்டியது போர்ட்டரின் வேலை. அவருக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"முத்து முத்தா இருக்கு ஐயா. நம்ம ஸ்டேஷனைப் பத்தி நல்லா எழுதியிருக்கியளா?"

"விரிவா எழுதியிருக்கேன்."

"ஒருத்தரும் நம்மளப் பத்தி எழுதுனதே இல்ல" என்றார். உறையை ஒட்டக் கஞ்சிப்பசை காய்ச்சச் சொல்லி மனைவிக்குக் குரல் கொடுத்தார்.

பதில் வருமென்று நான் எதிர்பார்க்கவில்லை. அந்தக் காலத்தில் போர்முனைக் கடிதத்துக்கே பதில் வரவில்லை. ஆனால் ஒரு நாள் காலை போர்ட்டர் ஒரு காகிதத்தோடு என்னிடம் வந்தார். அந்தத் தாளுக்குப் பாராட்டு ஏதோ வந்திருக்கிறது என்ற முகம்.

படித்தேன். பிறகு படித்ததைத் தமிழில் சொன்னேன். அவர் பொறுப்பில் உள்ள சாமான்கள் காணாமல் போனதாகப் புகார்; வருகிற புதன்கிழமை காலை இன்ஸ்பெக்டர் வருவார்; புகார் மெய்யென்று கண்டால் போர்ட்டர் அன்றே வேலையிலிருந்து நீக்கப்படுவார்; புகார் எழுதிய பிரயாணியும் ஆஜராக வேண்டும்.

போர்ட்டர் காகிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

"எழுதுனது யாரு ஐயா?"

"நான்தான்."

"அந்தத் தாளா?"

"அதுதான்."

"பசை போட்டு ஒட்டுனேன்லா" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அவர் ஒரு தகவலைப் போலச் சொன்னார். பிறகு, "வேல போச்சுன்னா வீடும் போச்சு. சாத்தான்குளத்துக்கு மேக்க நம்ம ஊரு. அங்கன கெணத்துலயே தண்ணி கெடையாது. போயி என்னத்தச் செய்ய?" என்றார்.

சாமான்கள் எல்லாம் புதன்கிழமைக்குள் இருந்த இடத்துக்கு வந்துவிட்டால் புகார் பொய்யாகிவிடும் என்று நான் சொன்னேன். அப்படியானால் பொய்ப் புகார் எழுதியதற்கு உங்களுக்கு ஒன்றும் வராதா என்று கேட்டார். எனக்கென்ன வரும், நான் என்ன ரயில்வே சிப்பந்தியா என்றேன். என் வாழ்க்கையில் நான் காட்டிய தைரியங்கள் பெரும்பாலும் இந்த மாதிரி விஷயம் புரியாமல் காட்டியவை.

அண்ணாச்சியிடம் போனேன்.

"அண்ணாச்சி, இது ஸ்டேஷன் பெஞ்சு."

"இருக்கட்டுமே. இதுல உக்காருதது யாரு?"

"வண்டிக்கு வாறவங்க."

"வண்டிக்கு வாறவன் எங்கன உக்காந்தா என்ன வே? அங்கன வெயிலு. இங்கன நெழலு. ரயில் கம்பெனிக்காரன் எனக்குல்லா சம்பளம் தரணும்."

விஷயத்தைச் சொன்னேன். தராசை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"எழுதுனது நீரு. போகப்போறது அவன் வேல. நல்லா இருக்குவே ஒம்ம படிப்பு" என்றார். பிறகு உள்ளே பார்த்து ஆட்களைக் கூப்பிட்டார். பெஞ்சின் ஓர் ஓரத்தில் அடுக்கியிருந்த கருப்பட்டிச் சிப்பங்களை இறக்கச் சொன்னார்.

கருவாட்டுக்காரி அவ்வளவு சுலபமில்லை. அவளும் தினமும் கூடையோடு என் வண்டியில் வருகிறவள்தான். அண்ணாச்சி அவளைக் கடைவாசலில் நிறுத்தி, "ஏளா, அந்த டிரம்மக் கொண்டாந்து வச்சிரு" என்றார்.

"அதுல உப்பு கெடக்கு அண்ணாச்சி. ஒம்ம தலையிலயா கொட்ட?"

"போர்ட்டருக்கு வேல போயிரும் பாத்துக்க."

"ஆரு செஞ்ச வேல?"

அண்ணாச்சி என்னைக் காட்டினார். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "கிளார்க்கு ஐயா ஒக்காந்து எழுதுவாவ. நாங்கல்லா சொமக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். சாயங்காலம் டிரம் கொட்டகையில் இருந்தது.

விளக்கைப் பூசாரியிடமிருந்து போர்ட்டரே வாங்கி வந்தார். வேலி திரும்பவில்லை. அது பல வீட்டு அடுப்புகளில் சோறு பொங்கித் தீர்ந்துவிட்டது. என் பங்கு இரண்டு கம்பையும் நான் கொண்டுபோய் நட்டேன். வெட்டவெளியில் தனியாக நின்ற அந்த இரண்டு கம்பும், இங்கே வேலி இருந்ததற்குச் சாட்சி சொல்வதைப் போல இருந்ததால், திரும்பப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

புதன்கிழமை இன்ஸ்பெக்டர் ஒரு டிராலியில் வந்து இறங்கினார். காவிரிக்கரைப் பக்கத்து மனிதர். காக்கி அரைக்கால்சட்டை, சோலாத் தொப்பி, கழுத்தில் ஈரக் கைக்குட்டை. இந்தப் பக்கத்து வெயிலைத் தனக்குச் செய்த அவமரியாதையாக எடுத்துக்கொண்டிருந்தார். என் தாளைப் பையிலிருந்து எடுத்தார். காலை வண்டிக்கு நின்றவர்கள் எல்லாரும் சுற்றி நின்றார்கள்.

"விளக்கு?"

போர்ட்டர் காட்டினார். அதன் நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு. எண்ணெய்க் கூட்டில் ஒரு செவ்வரளி.

"இது என்னய்யா?"

"வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம பொட்டு வைப்போம் சார். கம்பெனி சாமான்லா."

இன்ஸ்பெக்டர் ஒரு குறி போட்டார். டிரம்மைத் திறந்து ஒரு குவளை மொண்டு குடித்தார். முகம் மாறியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"உப்புக் கரிக்கிறதே."

"இந்தப் பக்கத்துத் தண்ணியே அப்படித்தான் சார்" என்று பத்துப் பேர் ஒரே சமயத்தில் சொன்னார்கள். அவர் நம்பினார். தூத்துக்குடிச் சுற்றுவட்டாரத் தண்ணீரைப் பற்றி எதைச் சொன்னாலும் வெளியூர்க்காரர்கள் நம்புவார்கள்.

புகாரில் முழு உண்மையாக இருந்தது கூரை ஓட்டை ஒன்றுதான். யாரும் அதை இரவல் வாங்கவில்லை, அங்கேயே இருந்தது. இன்ஸ்பெக்டர் அண்ணாந்து பார்த்து, மழை எப்போது பெய்தது என்று கேட்டார். யாருக்கும் சரியாக நினைவில்லை. அப்படியானால் வெளிச்சத்துக்கு நல்லதுதான் என்று அதற்கும் குறி போட்டார்.

கடைசியாகப் பெஞ்சு. கருவாட்டுக்காரி அதன் நடுவில், எத்தனையோ தலைமுறையாக அங்கேயே இருப்பவளைப் போல உட்கார்ந்திருந்தாள். இன்ஸ்பெக்டர் என் வாக்கியத்தை இரண்டு முறை படித்தார்.

"கொற்கை என்றால் என்ன?"

பாண்டியர் காலத்துத் துறைமுகம், முத்து ஏற்றுமதி, பிறகு கடல் பின்வாங்கியது, இப்போது வயல்கள் என்று விளக்கினேன். ஒரு நகைச்சுவையை இவ்வளவு விரிவாக அதற்கு முன் நான் விளக்கியதில்லை.

"இங்கே கடல் பின்வாங்கியதா?"

"இல்லை சார்."

"பெஞ்சு பின்வாங்கியதா?"

அவர் தாளை விரலால் தட்டினார்.

"இல்லை என்று எழுதியிருக்கிறீர். இதோ இருக்கிறது. நேற்று இல்லாமல் இன்று வந்ததா? அப்படியென்றால் சொல்லும், அதை எழுதிக்கொள்கிறேன்."

போர்ட்டர் பச்சைக் கொடியை இறுக்கிச் சுருட்டிக்கொண்டிருந்தார். எவ்வளவு சுருட்ட முடியுமோ அவ்வளவு சுருட்டியாகிவிட்டது, அப்புறமும் சுருட்டினார். அண்ணாச்சி கடை வாசலில் நின்று என்னையே பார்த்தார். பெஞ்சு இருந்த இடத்தில் இப்போது சிப்பங்கள் தரையில் கிடந்தன.

"கண் பார்வை கொஞ்சம் மட்டு சார்" என்றேன்.

"எவ்வளவு மட்டு?"

"கிட்டத்தில் தெரியும். அதுதான் எழுத முடிகிறது. மற்றபடி..."

அவர் லைனுக்கு அப்பால் கையை நீட்டினார். "அந்தப் பனை தெரிகிறதா?"

பனையின் உச்சியில் ஒரு காக்கை உட்கார்ந்து இடது இறக்கையைக் கோதிக்கொண்டிருந்தது.

"எந்தப் பக்கம் சார்?" என்றேன்.

கூட்டத்தில் யாரோ 'பாவம்' என்றார்கள். அது அண்ணாச்சி கடைப் பையன்களின் பக்கத்திலிருந்து வந்தது, மெய்யான பாவமில்லை. ஆனால் போர்ட்டர் ஓரடி முன்னால் வந்தார். "தெனமும் நான்தான் சார் கையப் புடிச்சு வண்டியில ஏத்திவிடுதேன்" என்றார். அதுவரை அவர் யாரைப் பற்றியும் பொய் சொல்லி நான் கேட்டதில்லை. முதல் தடவை என்பதே தெரியாதபடி சொன்னார்.

இன்ஸ்பெக்டர் புகார்ப் புத்தகத்தை என்னிடம் நீட்டினார். பார்வைக் குறைவினால், இருந்த பொருள்களை இல்லையென்று எழுதிவிட்டேன், வருந்துகிறேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கொற்கையை இந்த முறை சேர்க்கவில்லை. அதன் கீழே அவர் எழுதினார்: ஸ்டேஷன் நல்ல பராமரிப்பில் இருக்கிறது, ரிப்பேர் எதுவும் தேவையில்லை. போர்ட்டர் பார்வையற்ற பிரயாணிக்கு உதவுவது பாராட்டத்தக்கது. அதைத் தொடர வேண்டும். அவ்வப்போது வந்து பார்க்கப்படும்.

அதை நான்தான் போர்ட்டருக்குத் தமிழில் சொன்னேன்.

வண்டி வந்தது. போர்ட்டர் என் முழங்கையைப் பிடித்து, "படி இருக்கு ஐயா, பாத்து" என்று ஏற்றினார். இன்ஸ்பெக்டர் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் காலால் தடவித் தடவி ஏறினேன். கொஞ்சம் அதிகமாகவே தடவினேன் என்று பிறகு அண்ணாச்சி சொன்னார்.

மறுநாள் இன்ஸ்பெக்டர் இல்லை. போர்ட்டர் கை மட்டும் வந்தது. "வேண்டாம் போர்ட்டர், யாரு பாக்கப்போறா?" என்றேன்.

"எந்தப் பெட்டியில எவரு இருப்பாவன்னு தெரியாதுல்லா ஐயா. ஒங்களுக்குக் கண்ணு தெரிஞ்சிட்டா எனக்கு வேல போயிரும்" என்றார். முழங்கையைக் கொடுத்தேன்.

அந்த ஊரைவிட்டு நான் மாறும்வரை, ஞாயிற்றுக்கிழமை தவிர ஒவ்வொரு நாளும், எழுதப் படிக்கத் தெரிந்த, முப்பத்திரண்டு வயதான, பனை உச்சியில் காக்கையைப் பார்க்கக்கூடிய நான் கைப்பிடித்து ஏற்றப்பட்டேன். முதல் நாளே பெட்டிக்குள் நான் ஜன்னலோரம் உட்காரப் போனபோது கருவாட்டுக்காரி கூடையை அங்கே வைத்துவிட்டாள்.

"ஒங்களுக்கு என்னத்துக்கு ஐயா ஜன்னலு? இங்கன நடுவுல இருங்க. என்ன வருதுன்னு நான் சொல்லுதேன்."

வண்டி நகர்ந்தது. கொஞ்ச தூரம் போனதும் அவள் வெளியே எட்டிப் பார்த்தாள்.

"உப்பளம் வருது ஐயா. வெள்ளையா இருக்கு."

"அப்படியா" என்றேன்.