திட்டுகிற கடையைத் தேடியவர்

சரசு டீச்சர் இறந்துவிட்டார் என்று நம் பள்ளி ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தபோது நான் நம்பவில்லை. யாரோ தவறாகப் போட்டிருக்கிறார்கள் என்று அவருடைய எண்ணுக்கே அழைத்தேன். மகள் எடுத்தாள். "அம்மா போயிட்டாங்க அத்தை. நெஞ்சுச் சளி முத்திருச்சு" என்று அழுதாள்.

அவரோடு வேலை பார்த்த உங்களுக்கு அவருடைய சந்தேக புத்தி தெரியும். வடையைப் பிட்டு உள்ளே பார்த்துவிட்டுத்தான் தின்பார். நாம் எல்லோரும் சிரித்திருக்கிறோம்.

டீச்சருக்கும் எனக்கும் முடக்குவாதம். அதற்கான மாத்திரையை வாரத்தில் ஒரே நாள்தான் போட வேண்டும். தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து. எனக்கு முதன்முதலாக டாக்டர் அதற்குச் சீட்டு எழுதிக் கொடுத்தபோது, டீச்சர்தான் நாமக்கல்லில் கடை பார்க்க அழைத்துப் போனார். தள்ளுபடிப் பலகையும் ஏசியும் உள்ள பெரிய கடைக்குள் நுழைந்தோம். தன் மாத்திரை அட்டையை நீட்டி, "ஏனுங்க, இது தினமும் ஒண்ணு போடறதுதானுங்களே?" என்று கேட்டார்.

"ஆமாங்க மேடம், சாப்பிட்டப்புறம்" என்றார் விற்பனையாளர், கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"வாரத்துக்கு ஒண்ணு சாமி. இன்னொருத்தருக்கு இப்படிச் சொல்லிப்போடாதீங்க" என்று சொல்லிவிட்டு டீச்சர் வெளியேறினார்.

சந்துக்குள் ஒரு சின்ன மெடிக்கல். அங்கும் அதே பொய்க் கேள்வி. கடைக்காரர் கத்தியே விட்டார். "தினமும்னு யாருங்க சொன்னது? எத்தனை நாளாப் போட்டுட்டு இருக்கறீங்க? முதல்ல சீட்டைக் காட்டுங்க!" நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குக் கூச்சமாக இருந்தது. டீச்சர் முகம் மலர்ந்துவிட்டது. "திட்டறாரு. இங்கயே வாங்கிக்கலாம்" என்றார்.

அதோடு விடவில்லை. சில மாதங்களுக்கு ஒருமுறை வேறு ஏதாவது தவறாகக் கேட்டுப் பார்ப்பார். கடைக்காரருக்கும் பழகிவிட்டது. "பரீட்சையா டீச்சர்? இன்னைக்கு எத்தனை மார்க்கு?" என்பார்.

"பாஸுங்க. ஆனாத் திட்டுப் பத்தல."

இந்தக் கடையில்தான் வாங்க வேண்டும் என்று இவ்வளவு பிடிவாதம் பிடிக்கிறாரே, கடைக்காரர் சொந்தக்காரரோ, கமிஷன் ஏதும் உண்டோ என்று எனக்கே ஒருநாள் தோன்றியது. கேட்டும்விட்டேன். அவர் கோபப்படவில்லை. "இப்பத்தான் நீ தேறியிருக்கறே" என்றார்.

துக்க வீட்டில் உறவினர்கள், "அந்த வாத மாத்திரைதான் ஆளைத் தின்னுபோட்டுது" என்று பேசிக்கொண்டார்கள். "நீயும் நிறுத்திரு" என்றார் என் கணவர். மாத்திரை போடும் நாள் வந்தபோது என்னால் விழுங்க முடியவில்லை. நிறுத்தினால் விரல்கள் முடங்கும். போட்டால் என்ன ஆகுமோ?

கடைக்குப் போனேன். அன்று கேட்டது பரீட்சைக் கேள்வி இல்லை.

"டீச்சர் போனது இந்த மாத்திரையாலங்களா?"

கடைக்காரர் எழுதிக்கொண்டிருந்த பில் புத்தகத்தை மூடி வைத்தார். "தெரியலைங்க. இது எதிர்ப்புச் சக்தியைக் கொறைக்கும். சளி, காய்ச்சல் வந்தா உடனே டாக்டர்கிட்டச் சொல்லோணும். அவங்களுக்கு என்ன ஆச்சுன்னு தெரியாம நான் ஒண்ணும் சொல்லக் கூடாதுங்க. நீங்களா நிறுத்தாதீங்க. இன்னைக்கே டாக்டரைப் பாத்துட்டு வாங்க. அப்புறம் தாரேன்."

அவர் 'இல்லை' என்று சொல்லியிருந்தால் வியாபாரத்துக்காகச் சொல்கிறார் என்று நினைத்திருப்பேன். அந்தத் 'தெரியலைங்க'வை நம்பி டாக்டரிடம் போனேன். ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, தொடரலாம் என்றார் அவர். ஏன் என்று கேட்டேன். சொன்னார். புரியவில்லை என்று மறுபடி கேட்டேன். புரிகிற வரைக்கும் எழுந்திருக்கவில்லை.

டீச்சர் எனக்கு விட்டுப்போனது இதைத்தான். அன்று மாலையே மாத்திரையை விழுங்கினேன்.