மூன்று வருடம் தோற்கும் திட்டம்

எங்கள் வீட்டுக்கு வரும் விருந்தாளிகளுக்கு முதலில் பொரித்த ரோல்ஸ் கொடுப்பார்கள், பிறகு தேநீர் கொடுப்பார்கள், அதற்குப் பிறகு என்னைக் கொடுப்பார்கள். நாங்கள் புலம்பெயர்ந்து வந்த செவன் கிங்ஸில் எங்கள் தெருவில் இருந்த மற்றத் தமிழ்ப் பிள்ளைகளுக்கும் இதே கதிதான். ஆனால் அவர்களிடம் சரக்கு இருந்தது. ஒருத்தி தேவாரம் பாடுவாள். ஒருத்தன் கேட்க முன்னமே மிருதங்கத்தைத் தூக்கிக்கொண்டு வந்து சோபாவுக்கு முன்னால் குந்திவிடுவான். என்னைச் சங்கீத ரீச்சர் இரண்டு மாதத்திலும் நடன ரீச்சர் மூன்று மாதத்திலும் கைகூப்பி அனுப்பி வைத்திருந்தார்கள். "பிள்ளைக்கு நல்ல மனம்" என்று மட்டும் நடன ரீச்சர் அம்மாவிடம் சொன்னார். கால்களைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

எனக்கு வந்தது ஒன்றே ஒன்று. ஆட்களைப் போலச் செய்து காட்டுவது. கவுன்சில்காரர் குப்பைத் தொட்டியைத் திறந்து முகம் சுளிப்பது, கோயில் ஐயர் ஒரு கையில் தீபமும் மறு கையில் போனுமாக நிற்பது, இரண்டு கடிதத்துக்கு மேல் இருந்தால் தபால்காரர் பெருமூச்சு விடுவது. பத்து வயதில் எனக்கு ஒரு ரசிகர் கூட்டமே இருந்தது. அதில் முதல் வரிசையில் இருந்தவர் அப்பா. ஐயரைச் செய்து காட்டும்போதெல்லாம் கண்ணில் நீர் வரச் சிரித்துவிட்டு, "பாவம் பிள்ளை, சாமி குத்தம்" என்பார். பிறகு, "இன்னொருக்காச் செய்" என்பார்.

அப்பாவுக்குக் கிடங்கு ஒன்றில் பெட்டி தூக்கும் வேலை. கிழமையில் ஐந்து நாளும் அங்கே அவருடைய பெயரை ஐந்து விதமாகக் கூப்பிடுவார்கள். அவர் எல்லாவற்றுக்கும் திரும்பிப் பார்ப்பார். சனிக்கிழமையில் மட்டும் அவர் வேறு ஆள். விட்டு வந்த எங்கள் ஊரின் பெயரில் இங்கே இருந்த சங்கத்தின் கிரிக்கெட் அணிக்கு முதல் ஓவர் போடுகிறவர் அவர்தான். அவர் புதுப் பந்தைக் கையில் எடுத்தால், மைதானத்து ஓரத்தில் சோற்றுப் பார்சல் பிரித்துக்கொண்டிருந்த பெண்கள்கூடக் கையை நிறுத்திவிட்டுப் பார்ப்பார்கள். இரண்டு மடங்கு சம்பளம் தருகிறோம், சனிக்கிழமையும் வா என்று கிடங்கில் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். கோடை முடியட்டும் என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். அவருக்கு அப்போது நாற்பத்தைந்து வயது.

அதற்கு முந்திய கோடையில் அயலூர்க்காரரின் சங்கத்திடம் எங்கள் அணி தோற்றிருந்தது. தோல்வி என்றால் சாதாரணத் தோல்வி இல்லை. அதற்குப் பிறகு எங்கள் ஊர் ஆட்கள் அயலூர்க்காரரின் கல்யாண வீட்டுக்குப் போகவே கூச்சப்பட்டார்கள். குளிர் குறைந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, அணியை என்ன செய்வது என்று யோசிக்க எங்கள் வீட்டு முன்னறையில் கூடினார்கள். பெரியப்பா, அதாவது அப்பாவின் அண்ணன், தலைவர். பக்கத்தில் விக்கெட் கீப்பர் மாமா. அவர் யாருடைய மாமா என்று யாருக்கும் தெரியாது. மூன்றாவது ஆள்தான் அன்றைய ஆபத்து. அம்மாவின் அண்ணன், மூன்று கிழமை விடுமுறையில் ரொறன்ரோவிலிருந்து வந்திருந்த கனடா மாமா.

கனடா மாமா போய்ச் சேர்ந்த நாட்டில் கிரிக்கெட் குறைவு. ஆகவே அவர் பேஸ்போலுக்கு மதம் மாறியிருந்தார். மதம் மாறியவர்களுக்கே உரிய வெறி அவரிடம் இருந்தது. வந்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் பருப்புக் கறியைப் பற்றிப் பேசினாலும் அது பேஸ்போலில் போய்த்தான் முடிந்தது.

"உங்கட பிரச்சினை என்ன தெரியுமோ? நீங்கள் எல்லாரும் வெல்லப் பாக்கிறியள்" என்று அவர் தொடங்கினார்.

"வேற என்னத்துக்கு விளையாடிறது?" என்றார் கீப்பர் மாமா.

"அங்க ஒரு ரீம் சரிவரேல்லை எண்டா ஒட்டுப் போடமாட்டாங்கள். உடைச்சுப்போட்டுத் திருப்பிக் கட்டுவாங்கள். வயசு போனவங்களை அனுப்பிப்போட்டு பொடியளைக் கொண்டு வருவாங்கள். மூண்டு வருசம் தோப்பாங்கள். வேணுமெண்டே தோப்பாங்கள். நாலாம் வருசம் பாருங்கோ!"

"நாலாம் வருசம் எனக்கு அறுபது" என்றார் பெரியப்பா.

அடுத்ததாக எந்தப் பொடியன் என்று ஆராய்ந்தார்கள். ஒருவன் நல்ல உயரம், ஆனால் பள்ளிக்கூடச் சோதனை முடியும்வரை மட்டையைத் தொட்டால் தாய் சோறு போடமாட்டாள். இன்னொருவன் இடக்கைக்காரன், மழை வரும் என்று ரிவியில் சொன்னாலே தும்மலும் தடிமனும் வந்துவிடும். மூன்றாமவன் உண்மையில் வேகமாகப் போடுவான். பந்து எங்கே போகும் என்பதுதான் அவனுக்கும் தெரியாது.

"அவன் போட்டா பட்ஸ்மனுக்கும் பயம், எனக்கும் பயம். அங்கால கார் விட்டவனுக்கும் பயம்" என்றார் கீப்பர் மாமா.

"வேகத்தைப் படிப்பிக்க ஏலாது. திசையைப் படிப்பிக்கலாம். அவனுக்கு முதல் ஓவரைக் குடுங்கோ" என்றார் கனடா மாமா.

முதல் ஓவர் என்றதும் அப்பா ரோல்ஸைத் தட்டில் வைத்தார்.

"மச்சான், கோவிக்காதை" என்றார் கனடா மாமா. "அங்க பந்து எறியிற பிட்சர் எண்டா அவன்ர தோள்தான் சொத்து. தோளை ஸ்கான் எடுத்துப் பாத்துத்தான் கையெழுத்தே வைப்பாங்கள். தோள் போனால் எவ்வளவு பெரிய ஆளெண்டாலும் வீட்டுக்குத்தான். அதுதான் கேக்கிறன், உன்ர தோள் எப்பிடி?"

"தோளுக்கு ஒண்டுமில்லை" என்றார் அப்பா. "இந்த ஒரு வருசம் பாப்பம். அயலூரோட இன்னொருக்காப் போட்டுப்போட்டு நானே விடுறன்."

பெரியப்பா அதைத்தான் எதிர்பார்த்திருந்தார் போல, கதிரையில் நிமிர்ந்து இருந்தார். "அவன் கேக்கிறது ஒரு வருசம். தோளுக்கு ஒண்டுமில்லை எண்டு அவனே சொல்லுறான். முதல் ஓவர் என்ர தம்பிக்குத்தான். பொடியன் ரெண்டாவதாப் போடட்டும். கதை முடிஞ்சுது."

கதை அங்கேயே முடிந்திருக்கலாம். ஆனால் அம்மா தேநீர் கொண்டுவந்தார். தேநீருக்குப் பிறகு நான் என்பது எங்கள் வீட்டு ஒழுங்கு.

"எங்கை அந்த நடிப்புக்காரி?" என்று கனடா மாமா கூப்பிட்டார். வாதத்தில் தோற்றவருக்கும் ஏதாவது ஒரு பொழுதுபோக்கு வேண்டும். "உங்கட போலர்மாரைச் செய்து காட்டு பாப்பம்."

நான் கதவுக்குப் பின்னால் அரை மணி நேரமாக ஆயத்தமாக நின்றேன் என்பதை இப்போது ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை. முதலில் வேகப் பொடியனைச் செய்தேன். ஓடிவந்து, கண்ணை மூடி எறிந்து, பிறகு பந்து எங்கே என்று கூரையில் தேடினேன். நல்ல சிரிப்பு. பிறகு பெரியப்பாவைச் செய்தேன். இரண்டு அடி ஓடி, நின்று, மூச்சு வாங்கி, ஆட்களை இடம் மாற்றுவதுபோலப் பாவனை செய்து, பிறகு மீதி இரண்டு அடி. பெரியப்பாவே தொடையில் அடித்துச் சிரித்தார்.

"இனி அப்பா" என்று நானே அறிவித்தேன். யாரும் கேட்கவில்லை. இதை நான் பல வருடமாக மாற்றிச் சொல்லி வந்திருக்கிறேன். கனடா மாமா கேட்டார் என்று. கேட்கவில்லை.

அப்பாவை நான் மற்றவர்களைப் போல மேலோட்டமாகப் படிக்கவில்லை. அவர் என் சிறந்த வேடம். காற்சட்டையை இழுத்துவிட்டேன். வானத்தைப் பார்த்தேன். பிறகு பட்ஸ்மனுக்கு முதுகைக் காட்டித் திரும்பினேன். பந்தைத் துடைக்கிறவர்போலக் குனிந்து, இடக்கையால் வலது முழங்கையைப் பிடித்து மேலே தள்ளினேன். ஒருதரம். பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொருதரம். அது காதுக்கு மேலே போனதும் மூச்சை விட்டு, முகத்தில் ஒரு சிரிப்பை ஒட்டிக்கொண்டு திரும்பி, ஓடிவந்து போட்டேன்.

கீப்பர் மாமா தேநீரைக் காற்சட்டையில் ஊற்றிக்கொண்டார். அவ்வளவு சிரிப்பு. கனடா மாமா மட்டும் சிரிக்கவில்லை.

"இடக்கையால என்ன பிள்ளை செய்தனி?"

கலைஞருக்குத் தன் கலையைப் பற்றிக் கேட்டால் எப்படி இருக்கும்! நான் விளக்கினேன். "அப்பான்ர வலக்கை தானா மேல வராது மாமா. தள்ளிவிட வேணும். தள்ளினாப் பிறகு சுத்தும். காலமை சீப்பால தலை இழுக்கேக்கையும் அப்பிடித்தான். மேல் தட்டில சீனிப் போத்தல் எடுக்கிறதெண்டா அப்பா கதிரையில ஏறித்தான் எடுப்பார்." அதோடு நிறுத்தவில்லை. அம்மா தோளில் நோவுக்கு எண்ணெய் பூசும்போது அப்பா போடும் "ஸ்ஸ்" என்ற சத்தத்தையும் செய்து காட்டினேன். கேட்காமல் கொடுத்த உபரி.

அம்மா வாசலில் நின்றார். கையில் வெறும் தட்டம். என்னைப் பார்க்கவில்லை, அப்பாவைப் பார்த்தார். பெரியப்பா கார்பெட்டில் விழுந்த ரோல்ஸ் தூளை ஒவ்வொன்றாகப் பொறுக்கத் தொடங்கினார்.

அப்போது அப்பா சிரித்தார். எல்லாரையும்விடப் பலமாக. "கள்ளி! கண்டுபிடிச்சிட்டாள், பாத்தியளே? கனடாவில ஸ்கான் எடுக்க வேணும், இஞ்ச என்ர பிள்ளை ஒருத்தியே போதும்." சிரிப்பு முடிந்ததும் அவரே சொன்னார். "அண்ணை, பொடியனுக்குக் குடுங்கோ. மச்சான் சொல்லுறதும் சரிதான். திருப்பிக் கட்டத்தான் வேணும்."

யாரும் மறுக்கவில்லை. அப்பாவைப் பந்துவீச்சு ஆலோசகர் ஆக்கினார்கள். அதாவது, மடக்குக் கதிரை ஒன்று கொடுத்தார்கள்.

அந்தக் கோடையில் பொடியனின் முதல் ஓவரில் ஒன்பது பந்தோ பத்துப் பந்தோ அகலமாகப் போயின. ஒன்று ஒரு காரின் கண்ணாடியைக் கண்டுபிடித்தது. கனடா மாமாவின் திட்டத்தில், மூன்று வருடம் தோற்பது என்ற பகுதியை எங்கள் அணி மிகச் சிறப்பாக நிறைவேற்றியது. நாலாம் வருடம் அணியே இருக்கவில்லை. அந்தத் தோல்விகளைப் பார்க்க அப்பாவும் மைதானத்தில் இருக்கவில்லை. மடக்குக் கதிரையில் ஒரே ஒரு சனிக்கிழமை இருந்தார், அடுத்த சனிக்கிழமையிலிருந்து கிடங்குக்குப் போனார். தூக்க முடியாத கையால் இரண்டு மடங்கு சம்பளத்துக்குத் தூக்கினார். நான் அந்தக் காசில் வாங்கிய சைக்கிளில் மைதானத்தைச் சுற்றி ஓடினேன். அப்பா இப்போது பெரிய ஆள், சனிக்கிழமையும் அவர் இல்லாமல் கிடங்கு நடக்காது என்று சிநேகிதிகளிடம் சொன்னேன்.

நான் இப்போது யாரையும் போலச் செய்து காட்டுவதில்லை, என்னைத் தவிர. என்னைச் செய்து காட்டுவதால் ஒருவருக்கும் இடம் பறிபோகாது. ஆட்களும் நன்றாகத்தான் சிரிக்கிறார்கள்.

ஆனால் அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் நிகழ்ச்சி பெருவெற்றி என்பதுதான். அம்மா ஏசவில்லை, அதுவே சான்று. விருந்தாளிகள் போன பிறகு, வெளிச்சம் இருக்கும்போதே, அப்பா என்னைப் பின்பக்கக் கார்டனுக்குக் கூப்பிட்டார்.

"குஞ்சு, அதை இன்னொருக்காச் செய்."

செய்தேன்.

"ஓடிறது வேண்டாம். கை தூக்கிறதை மட்டும். மெதுவா." அவர் பட்ஸ்மன் நிற்கும் இடத்துக்குப் போய் நின்று பார்த்தார். பிறகு நடுவர் நிற்கும் இடத்திலிருந்து ஒருதரம். பிறகு வேலிப் பக்கம் போய், பெண்கள் சோற்றுப் பார்சலோடு இருக்கும் தூரத்தைக் கண்ணால் அளந்து, அங்கிருந்து ஒருதரம்.

"இஞ்சையிருந்து பாத்தாலும் தெரியுதே?"

"ஓம் அப்பா. எல்லாப் பக்கத்தாலையும் வடிவாத் தெரியும்." அவரைச் சந்தோசப்படுத்தத்தான் சொன்னேன்.

"உனக்கு எப்ப தொடக்கம் தெரியும்?"

"போன வருசமே தெரியும்!"

அவர் தலையை ஆட்டினார். எந்த விருந்தாளியும் என்னிடம் ஒரே வேடத்தை நான்கு தடவை கேட்டதில்லை. ஆனால் என் ஐயர் வேடத்துக்குக் கண்ணில் நீர் வரச் சிரிக்கிற மனிதர், நான்காவது தடவையும் சிரிக்கவில்லை. ஏதோ ஒன்றைச் சரியாகச் செய்யாமல் விட்டுவிட்டேன் என்று எனக்குப் பட்டது. பல்லை இன்னும் கொஞ்சம் இறுக்கிக் கடித்து, "ஸ்ஸ்" என்ற சத்தத்தையும் சேர்த்து, அவர் கேட்காமலே ஐந்தாவது தடவையும் செய்து காட்டினேன்.