எண்ணெய்க் கம்பெனிக் குழுவில் நான் ஒரு சார்

அண்ணன் இறந்த பிறகு ஊட்டி பெர்ன்ஹில் வீட்டில் நான் மட்டும்தான். இருவருமே கல்யாணம் செய்துகொள்ளாதவர்கள். லவ்டேல் பக்கம் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவள் நான். அண்ணன் தன் சேமிப்பில் ஒரு பங்கை எண்ணெய் தேடும் சின்னக் கம்பெனி ஒன்றின் ஷேரில் போட்டிருந்தார். கடலுக்கடியில் எண்ணெய் கிடைத்துவிட்டால் விலை எங்கேயோ போய்விடும் என்பார். அந்த ஷேர்கள் என் பெயருக்கு மாறி வந்தன.

விற்றுவிடலாமா என்று கேட்க ஆளில்லை. அதே ஷேரை வாங்கியவர்கள் போனில் ஒரு குழு நடத்துவது தெரிந்து அதில் சேர்ந்தேன். குழுவில் என் பெயர் வெறும் இரண்டு இனிஷியல் எழுத்தாகத்தான் தெரியும், ஆணா பெண்ணா என்று தெரியாது. முதல் கேள்வியைப் போட்ட உடனே பதில் வந்தது.

"இப்ப வித்துராதீங்க சார். கிணறு தோண்ட ஆரம்பிச்சாச்சு."

சார் இல்லை என்று எழுத நினைத்தேன். அதற்குள் பேச்சு வேறு எங்கோ போய்விட்டது. அப்படியே நானும் சார் ஆகிவிட்டேன்.

அங்கே ஈரோட்டில் ஜவுளிக்கடை வைத்திருந்த ஒருவர் தினமும் காலையில் முதல் வணக்கம் போடுவார். நாகப்பட்டினத்து ஆட்டோக்காரர் துறைமுகத்துச் செய்தி கொண்டுவருவார். "நேத்து கிணறு தோண்டற கப்பலுக்கு ஹெலிகாப்டர் ரெண்டு தடவை போச்சு. சும்மா போகுமா?" என்று அவர் எழுதினால், அன்று முழுக்க அதுதான் பேச்சு. எண்ணெய் தெரிந்துவிட்டது, பெரிய அதிகாரிகளைக் கூட்டிப்போகிறார்கள் என்பார் ஒருவர். சாப்பாடு கொண்டுபோயிருக்கும் என்பார் இன்னொருவர். கம்பெனித் தலைவர் டி.வி. பேட்டியில் சிரித்ததற்குக்கூட அர்த்தம் கண்டுபிடித்தார்கள். கம்பெனி கணக்கு வெளியாகும்போது நான் படித்து, புரிந்ததைத் தமிழில் எழுதிப் போடுவேன். 'அக்கவுண்ட்ஸ் சார்' என்று பெயர் வைத்தார்கள்.

சில நாட்களில் பால்காரரிடம் சொல்லும் "சரிங்க" தவிர என் வாயிலிருந்து ஒரு வார்த்தையும் வந்திருக்காது. ஜன்னலுக்கு வெளியே மேகம் இறங்கிவிட்டால் எதிர் வீடுகூடத் தெரியாது. ஒருமுறை காய்ச்சலில் படுத்துக் குழுவில் எழுதாமல் இருந்தேன். "அக்கவுண்ட்ஸ் சாரைக் காணமே, உடம்பு சரியில்லையா?" என்று வரிசையாகக் கேட்டிருந்தார்கள். படுத்தபடியே அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். என்னைத் தேடுகிறார்கள். ஆனால் தேடப்படுவது யாரோ ஒரு ஆண்பிள்ளை.

நெல்லியாளத்திலிருந்து எழுதும் ஒருவரும் அதில் இருந்தார். எஸ்டேட் ஃபேக்டரியில் வேலை செய்தவர். நானும் நீலகிரி என்று தெரிந்ததும் தனியாக எழுதினார். "கண் காட்ட ஊட்டிக்கு வர்றேன் சார். ஒரு டீ சாப்பிடலாமா?"

வேண்டாம் என்று சொல்லத்தான் நினைத்தேன். வாங்க என்று எழுதினேன்.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே பேக்கரி வாசலில், சொல்லியிருந்தபடியே நீல மப்ளரைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு, அந்தப் பக்கம் வரும் ஆண்களின் முகத்தையெல்லாம் பார்த்தபடி நின்றிருந்தார். கிட்டே போனேன்.

"ஏனுங்க, நெல்லியாளத்துல இருந்து வந்தவருங்களா?"

"ஆமாங்கம்மா. சாரோட வீட்டம்மாங்களா? சார் வரலீங்களா?"

"சார்னு யாரும் இல்லைங்க. அது நான்தான்."

குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "இத்தனை மாசமா ஒரு அக்காவையா சார் சார்னு கூப்பிட்டுக்கிட்டு இருந்தேன்!"

டீயும் வர்க்கியும் சாப்பிட்டோம். மனைவி இறந்துவிட்டதையும், மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருப்பதையும் சொன்னார். "எண்ணெய் வருதோ இல்லியோக்கா, காலைல போனை எடுத்தா நாலு பேர் வணக்கம் சொல்றாங்கல்ல." எனக்கும் அப்படித்தான். நான் பெண் என்பதைக் குழுவில் சொல்லிவிட வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். அவர் சொல்லவில்லை. மறுநாள் காலையில் எல்லோரையும் போலவே, "வணக்கம் அக்கவுண்ட்ஸ் சார்" என்று போட்டிருந்தார்.

சில வாரம் கழித்துக் கம்பெனி அறிவித்தது. கிணற்றில் எண்ணெய் இருக்கிறது, ஆனால் எடுத்தால் கட்டுப்படியாகாத அளவுதான், கிணற்றை மூடுகிறார்கள். மறுநாள் சந்தை திறந்ததும் ஷேர், ஒரே நாளில் இவ்வளவுதான் விழலாம் என்று சந்தை வைத்திருக்கும் எல்லைக்குப் போய் நின்றது. விற்க எல்லோரும் இருந்தார்கள், வாங்க ஆளில்லை. அடுத்தடுத்த நாட்களும் அதே கதை. ஆட்டோக்காரரைத் திட்டித் தீர்த்தார்கள். அவரும் அதில் பணம் போட்டவர்தான் என்பதை யாரும் நினைக்கவில்லை. ஜவுளிக்கடைக்காரர், "பொறுமையா இருங்க, அடுத்த கிணறு இருக்கு" என்று எழுதிக்கொண்டே இருந்தார்.

"அக்கவுண்ட்ஸ் சார், நீங்க சொல்லுங்க" என்றார் ஒருவர்.

எழுதினேன், அழித்தேன், மறுபடி எழுதினேன். 'கம்பெனி கையில் இருக்கும் பணத்தில் இன்னொரு கிணறு தோண்ட முடியாது. விற்க முடிந்தால் விற்றுவிடுவது நல்லது.'

"விலையை இறக்கறதுக்குன்னே உள்ள வந்த ஆளாய்யா நீ?" என்று ஒருவர் எழுதினார். அதற்கு மேல் என்னென்னவோ வந்தது. நான் பதில் எழுதிக்கொண்டிருக்கும்போதே என்னைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள்.

மறுநாள் காலையில் காபி போட்டுக்கொண்டு, பழக்கத்தில் போனை எடுத்தேன். ஒன்றுமில்லை. அண்ணன் இறந்தபோது வீடு நிறைய ஆட்கள் இருந்தார்கள். சர்ச்சிலிருந்து வந்து ஜெபம் செய்தார்கள், சமைத்துக் கொடுத்தார்கள். இதை யாரிடம் போய்ச் சொல்வது? முகம் தெரியாத ஆட்கள் என்னை வேண்டாமென்று சொல்லிவிட்டார்கள் என்றால் யாருக்குப் புரியும்? காபி ஆறும்வரை உட்கார்ந்திருந்தேன்.

பதினோரு மணி வாக்கில் நெல்லியாளத்துக்காரர் கூப்பிட்டார்.

"அக்கா, எதுக்கு அவரை எடுத்தீங்கன்னு கேட்டேன். என்னையும் எடுத்துட்டாங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவரும் சிரித்தார். அந்த வீட்டில் என் சிரிப்புச் சத்தம் எனக்கே புதிதாக இருந்தது.

வாங்க ஆள் வர ஆரம்பித்ததும் இருவரும் கிடைத்த விலைக்கு விற்றோம். மகன் வற்புறுத்தி அவரைத் திருப்பூருக்குக் கூட்டிப்போய்விட்டான். முதலில் அடிக்கடி பேசினார். வெயில் தாங்கவில்லை, மப்ளரை என்ன செய்வதென்று தெரியவில்லை என்பார். பிறகு குறைந்துவிட்டது.

போன மாதம் ஒரு சாயங்காலம் நானே முதல்முறையாகக் கூப்பிட்டேன். பின்னால் குழந்தை அழும் சத்தம் கேட்டது. "கொஞ்சம் வேலையா இருக்கேன்கா, அப்புறம் கூப்பிடறேன்" என்றார். சரிங்க என்று வைத்துவிட்டேன். அன்று கூப்பிடவில்லை. மறுநாள் மதியம், கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருக்கும்போது கூப்பிட்டார். பேரனுக்குக் காய்ச்சலாம். போனைக் காதில் வைத்தபடி உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்து, கைவைத்தியம் எல்லாம் சொன்னேன். பேசி முடித்து வெளியே போனபோது மேகம் இறங்கி, துணியெல்லாம் ஈரமாகியிருந்தது.