கருக்கரிவாளுக்காக ஒரு கேள்வி

இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தே பல வருஷத்தை ஓட்டிவிட்டேன். நான் ஐந்தாவது வரை படித்தவள். எழுதினால் கோயிலில் நாலு பேர் கோபித்துக்கொள்வார்கள், கட்சிக் கொடிக்கம்பத்தடியில் நாலு பேர் கோபித்துக்கொள்வார்கள் என்ற பயமும் இருந்தது. ஆனால் ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் சாமி மாடத்திலிருந்து என் வீட்டுக்காரருடைய கருக்கரிவாளை எடுத்துத் துடைக்கும்போது, அதன் பிடியில் கோர்ட்டில் கட்டிவிட்ட அட்டைச் சீட்டு விரலில் தட்டும். மை அழிந்துபோய்விட்டது. நூல் மட்டும் இன்னும் கெட்டியாக இருக்கிறது. அதைத் தொட்டதும் எங்கள் தொகுதி எம்.எல்.ஏ. முகம் கண்முன்னால் வந்துவிடும்.

கருக்கரிவாள் என்பது நெல் அறுக்கிற அரிவாள். வளைவின் உள்பக்கம் ரம்பம் மாதிரி பொடிப்பொடியாகப் பல் இருக்கும். வலங்கைமானுக்குத் தெற்கே மாமனார் காலத்திலிருந்து நாங்கள் குத்தகைக்குப் பயிர் வைத்த நிலம் இருந்தது. குத்தகைக்காரர்களுக்குப் பாதுகாப்பாகச் சட்டம் வந்திருந்த சமயம் அது. சட்டம் வந்ததாலேயே அவர்களை நிலத்தை விட்டு இறக்கிவிடவும் பலர் அவசரப்பட்டார்கள். எங்கள் மிராசுதாரும், “குத்தகையாவது ஒண்ணாவது, கூலிக்கு உழுதானுங்க” என்று சொல்லிவிட்டார். விளைந்து சாய்ந்த கதிரை விட்டுவிட முடியுமா? மாரியம்மனைக் கும்பிட்டுவிட்டு அறுப்பில் இறங்கினோம். பாதி வயல் அறுக்கும்முன் போலீஸ் வேன் வந்து நின்றது.

“எல்லா அரிவாளையும் வரப்புல போடுங்க” என்றார் இன்ஸ்பெக்டர். போட்டோம். லத்தியால் ஒவ்வொன்றாகத் தள்ளிக்காட்டி, “இது யாருது?” என்று கேட்டார். எல்லாரும் பேசாமல் இருந்திருந்தால் ஒருவேளை அன்றைக்கு வீடு திரும்பியிருப்போம். ஆனால் பூஜையில் வைத்துக் குங்குமம் இட்ட அரிவாளைத் தன்னுடையதில்லை என்று சொல்ல எங்கள் ஜனங்களுக்கு வாய் வராது. என் வீட்டுக்காரர் முன்னால் போய், “என்னுதுங்க. பிடியில செப்புக் கம்பி சுத்தியிருக்கு, பாருங்க” என்றார். தொலைந்துபோன பொருளைத் திருப்பிக் கொடுக்கிறார்கள் என்பதுபோல மற்றவர்களும் வரிசையாக வந்தார்கள். நானும் விடவில்லை. “அந்தச் சின்னது என்னுதுங்க” என்றேன். “நீ சும்மா போம்மா” என்று ஒரு போலீஸ்காரர் என்னை விரட்டி, அதை மட்டும் என் பக்கம் தள்ளிவிட்டார். அரிவாளுக்குச் சொந்தம் சொன்ன ஆண்கள் அத்தனை பேரையும் வேனில் ஏற்றினார்கள். பயங்கர ஆயுதங்களோடு கூடி நெல்லைக் கொள்ளையடித்தார்கள் என்று வழக்கு.

எங்கே கொண்டுபோனார்கள் என்று யாரும் சொல்லவில்லை. சோற்றைக் கட்டிக்கொண்டு ஸ்டேஷன் ஸ்டேஷனாக அலைந்தேன். ஜெயிலில் இருக்கிறார் என்று தெரிந்த பிறகும் ஜாமீன் கிடைக்கவில்லை. ‘ஆயுதம்’ என்ற அந்த ஒரு சொல்தான் குறுக்கே நின்றது. இவர் வெளியே வருவாரா, வருவதற்குள் நிலம் கைமாறிவிடுமா என்று நான் உருக்குலைந்துபோயிருந்தபோதுதான் எம்.எல்.ஏ. எங்கள் தெருவுக்கு வந்தார்.

அவர் ஆளுங்கட்சி. கறுப்புச் சட்டைக்காரர், சாமி கும்பிடாதவர். நான் அப்போதுதான் கோயிலிலிருந்து வந்திருந்தேன். பதற்றத்தில் திருநீற்றுத் தட்டை அவரிடமே நீட்டிவிட்டேன். “பூசிக்குங்கண்ணே.”

“எனக்கு வேணாம் தங்கச்சி. நீ உன் ஆத்தாகிட்ட சொல்லு, நான் சட்டசபையில சொல்றேன். யாரு முந்துறாங்கன்னு பாப்போம்.”

கோபம்தான் வந்தது. ஆனால் அத்தனை நாளைக்குப் பிறகு முதல்தடவையாகச் சிரிப்பும் வந்துவிட்டது. என் சின்ன அரிவாளை வாங்கி, கட்டைவிரலால் பல்லைத் தடவிப் பார்த்தார். “இத வச்சு ஒருத்தன வெட்டணும்னா, அவன் நெல்லுப் பயிராட்டம் அசையாம நிக்கணுமே!” என்றார்.

சொந்த ஆட்சியில் போலீஸைக் குறை சொன்னால் அடுத்த தேர்தலில் சீட்டுக் கிடைக்காது என்று கட்சிக்காரர்களே அவரைத் தடுத்தார்கள். அவர் கேட்கவில்லை. போலீஸ் மானியக் கோரிக்கையின்மேல் பேச நேரம் கிடைத்த அன்று, “அறுப்பு நாளில் கையில் அரிவாள் இல்லாமல் வயலில் நிற்பவன் யார்? சந்தேகப்பட வேண்டியது அவனையல்லவா?” என்று கேட்டார். யாரோ ஓர் உறுப்பினர், “அண்ணன் நம்ம பக்கமா, எதிர்ப்பக்கமா?” என்று கேலி செய்தாராம். “உள்ள கெடக்குறவங்க பக்கம்” என்றாராம் இவர். சபையே சிரித்ததாம். பேப்பரில் இரண்டே வரிதான் வந்தது. இதையெல்லாம் பிற்பாடு அவரே எங்கள் வாசலில் உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டே சொன்னார். தொழில் கருவியை ஆயுதமாகச் சேர்த்த வழக்குகளைத் திரும்பப் பார்க்கச் சொல்வதாக மந்திரி பதில் கொடுத்தார். அதற்கடுத்த கூட்டத்திலும் இவர் விடவில்லை. ஒருவரைப் பிடித்தால் எங்கே வைத்திருக்கிறோம் என்று வீட்டுக்குச் சொல்ல வேண்டும் என்று பேசினார். சோற்றுப் பொட்டலத்தோடு நான் அலைந்ததை, என் பேரைச் சொல்லாமல் அங்கே சொன்னார் என்று கேள்விப்பட்டபோது எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

அதன் பிறகு ஜாமீன் மனுவுக்கு அரசு வக்கீல் ஆட்சேபம் சொல்லவில்லை. கடைசியில் வழக்கே தள்ளுபடியாகி, அரிவாளும் கோர்ட்டுச் சீட்டோடு திரும்பி வந்தது, நிலமும் எங்களிடமே தங்கியது. எம்.எல்.ஏ.வுக்கும் அடுத்த தேர்தலில் சீட்டுக் கிடைத்தது. ஜாமீனில் வந்த அன்று என் வீட்டுக்காரர் பஸ்ஸை விட்டு இறங்கியதும், நான் அழுவதைக்கூடக் கவனிக்காமல், “அரிவாள குடுத்தாங்களா? பல்லெல்லாம் துரு ஏறியிருக்குமே” என்றார். என் நெஞ்சில் இருந்த கல் அந்த இடத்திலேயே இறங்கியது. ஆளை ஜெயில் ஒன்றும் மாற்றிவிடவில்லை.

நான் மாரியம்மனுக்குப் பால்குடம் எடுத்தேன். யார் முந்தியது என்று இன்றுவரை நான் கணக்குப் பார்க்கவில்லை. இப்போது எம்.எல்.ஏ.வும் உயிரோடு இல்லை, என் வீட்டுக்காரரும் இல்லை. வயலில் இப்போது மிஷின்தான் அறுக்கிறது. ஆனால் எம்.எல்.ஏ. சபையில் அரிவாளைத் தூக்கி வீசினார் என்று ஒரு கூட்டமும், இன்ஸ்பெக்டர் கனவில் அம்மன் சூலத்தோடு வந்தாள் என்று இன்னொரு கூட்டமும் சொல்லித் திரிகிறது. இரண்டும் நடக்கவில்லை. படிக்கிற நீங்கள் நாலு பேருக்குச் சொன்னால் புண்ணியம். ஆனால் நடந்தது நடந்தபடி இருக்கட்டும். அவர் ஒரு கேள்வி கேட்டார், இவர் வீடு வந்து சேர்ந்தார். இதற்குமேல் ஒரு பொட்டுகூட வைக்காதீர்கள். பொட்டு வைக்க அரிவாள் இருக்கிறது. இந்த வருஷமும் அந்தச் சீட்டை அவிழ்க்காமல்தான் சந்தனம் வைத்தேன்.