பதினோராவது லெவல் பாட்டு

போன சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் கேஜிஎஃப் ராபர்ட்சன்பேட்டையில் ஒரு கல்யாண ரிசப்ஷன். என் சிநேகிதியின் மகளுக்கு. மாப்பிள்ளை பெங்களூரு ஐ.டி. என்பதால் மேளத்துக்குப் பதில் டிஜே. ஸ்பீக்கர் ஒவ்வொன்றும் பீரோ உயரம்!

நானும் என் கணவர் பாஸ்கரும் பிரியாணித் தட்டோடு ஓரமாக உட்கார்ந்திருந்தோம். புதிதாக ஒரு பாட்டு ஆரம்பித்தது. வார்த்தையே இல்லாத பாட்டு. பொம்மைக் கடை மாதிரி டிங்... டிடிங்... என்று தொடங்கியது. அடியில் பீட் வந்து சேர்ந்தது. திடீரென்று மண்டபமே அதிர்ந்தது. குழந்தைகளோடு நாற்பதைத் தாண்டிய ஆண்கள் சிலரும் எழுந்து ஓடினார்கள். "டேய், நம்ம கேம்டா இது!"

பாஸ்கர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்.

"இது என்னுது" என்றார்.

"எது, தட்டா? மாத்தி எட்துகினேனா?"

"இல்ல. இந்தப் பாட்டு."

அந்தச் சத்தத்தில் எனக்குத்தான் சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்தேன்.

பாஸ்கரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பெங்களூரில் ஒரு ஃபேக்டரியில் வேலை. போக வர, ரயிலிலேயே தினம் நாலு மணி நேரம். அந்த நாலு மணி நேரமும் மடியில் லேப்டாப், காதில் ஹெட்போன். வீட்டுக்கு வந்தாலும் அதே கதை. "இன்னா பண்றீங்க?" என்றால், "சும்னே" என்பார். கன்னடத்தில் அதற்கு 'சும்மா' என்று அர்த்தம். எந்த மொழியில் சொன்னாலும் மனைவிகள் நம்பாத வார்த்தை அது!

ஆறு மாதம் முன்பு அவர் போனில் இங்கிலீஷில் ஒரு மெசேஜ் எட்டிப் பார்த்தது. 'அடுத்தது எப்போ? வெயிட்டிங்' — பக்கத்தில் ஒரு சிவப்பு ஹார்ட். நான் கேட்கவில்லை. பார்க்காத மாதிரி குக்கரை இறக்கி வைத்தேன். ஆனால் அன்றிலிருந்து சரியான தூக்கம் இல்லை என்பது எனக்குத்தான் தெரியும்.

மண்டபத்துக்கு வருவோம். பாட்டு முடிந்ததும் டிஜே மைக்கைப் பிடித்தார். முப்பது வயதிருக்கும், தலையில் தொப்பி. "இது என்னோட சொந்த மிக்ஸ்!" என்றார். கூட்டம் ஒன்ஸ்மோர் கேட்டது. மறுபடி போட்டார்.

பாஸ்கர் தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். ஆட்டோக்காரரிடம்கூடக் குரலை உயர்த்தாத மனிதர்... சண்டை வந்துவிடுமோ என்று நானும் பின்னாலேயே ஓடினேன்.

"தம்பி, இது நீங்க பண்ணதா?"

"ஆமா சார். ஃபுல்லா நானே."

"இப்ப ஒரு ரயில் ஹாரன் வரும், கேளுங்க. நம்ம காலை வண்டி. ஜன்னலாண்ட ஒக்காந்து நான் ரெக்கார்ட் பண்ணது."

டிஜே சிரிக்கப் பார்த்தார். அதற்குள் பீட்டுக்கு நடுவே நீளமாக ஒரு ஹாரன். எங்கள் ஊர்க்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்த ஹாரன்.

அவர் தொப்பியைக் கழற்றிவிட்டார். "அண்ணா... செகண்ட் ஷிஃப்ட் நீங்களா? நாலு வருஷமா உங்களுதத்தான் கேட்டுகினு கீறேன். சாரிண்ணா..."

செகண்ட் ஷிஃப்ட்! இன்டர்நெட்டில் என் கணவருக்கு அப்படி ஒரு பெயர் இருக்கிறது. எனக்கு மட்டும் தெரியாது.

நாலு வார்த்தை நறுக்கென்று கேட்பார் என்று எதிர்பார்த்தேன். அவரோ, "எடுத்ததுல தப்பு இல்ல தம்பி. ட்யூன் என்னுதும் இல்ல, யாரோ அந்த கேமுக்குப் போட்டது. நான் எதைப் பண்ணாலும் கீழ அவங்க பேரை எழுதிட்டுத்தான் போடறேன். நீங்களும் சொல்லிடுங்க... அவ்ளோதான்" என்றார்.

டிஜே போனைத் தட்டி, அந்த கேமுக்கு இசை போட்டவரின் வாயில் நுழையாத பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தார். எந்த நாட்டிலோ இருக்கும் அந்த மனிதருக்கு ராபர்ட்சன்பேட்டையில் விசில் பறந்தது. அடுத்து, "ரீமிக்ஸ் பண்ணது நம்ம கேஜிஎஃப் செகண்ட் ஷிஃப்ட்!" அந்த நாற்பது வயதுக் கும்பல் பாஸ்கரை நடுவில் இழுத்துப் போட்டது. கல்யாணமான பத்தொன்பது வருடத்தில் அவர் ஆடி அன்றுதான் பார்த்தேன். சுமார்தான். இருந்தாலும் கை வலிக்கத் தட்டினேன்.

திரும்பும்போது ஆட்டோவில் கேட்டேன், "ஏன் இந்தப் பாட்டு?"

"ஸ்கூல்ல படிக்கும்போது டிவியில மாட்டி ஆடுவோமே, அந்த கேம். ஒரு குள்ளன் மண்ணுக்குள்ள எறங்கி வைரம் பொறுக்குவான். எங்கப்பா மைன்ஸ்லேர்ந்து ஷிஃப்ட் முடிச்சு வந்து, 'இன்னாடா, எத்தினி லெவல் எறங்கினே?'ன்னு கேப்பாரு."

உலகத்தில் எல்லோரும் லெவல் ஏறுவார்கள். தங்கச் சுரங்கத்து ஊரில் இறங்கத்தானே செய்வோம்!

"பதினோராவது லெவலை நான் தாண்டினதே இல்ல. தெனம் அங்கதான் சாவேன். அதான் அந்த ட்யூன் மனசுல ஒட்டிக்கிச்சு."

அப்போதுதான் தைரியம் வந்தது. "அந்த ஹார்ட்டு யாரு?"

"எந்த ஹார்ட்டு?"

சொன்னேன். ஆட்டோவே குலுங்கும்படி சிரித்தார். "அது போலந்துல ஒரு ரிடயர்டு வாத்தியாரு. எல்லாப் பாட்டுக்கும் ஹார்ட்டு போடுவாரு! ஆறு மாசமா மனசுல வெச்சுகினா இருந்தே?"

"நீங்க மட்டும்? இத்தினி வருஷமா ஏன் சொல்லல?"

"இந்த வயசுல கேம் பாட்டான்னு நீ சிரிப்பேன்னுதான்..."

உண்மைதான். சிரித்திருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை காபியோடு உட்கார வைத்து, ஹெட்போனை என் காதில் மாட்டினார். வரிசையாக ஒன்பது பாட்டு. லேசாகத் தலை வலித்தது. ஆனால் நன்றாக இருந்தது. மூன்றாவதை இன்னொரு தடவை போடச் சொன்னேன். அப்போது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டுமே நீங்கள்!

ஆகவே, உங்கள் வீட்டிலும் யாராவது சதா ஹெட்போனும் கையுமாக இருந்தால் சந்தேகப்படாதீர்கள். கேளுங்கள்... இரண்டு அர்த்தத்திலும்தான்!